அம்மாவுக்கு ஏன் அந்த மலிவான காப்ஸ்யூல்?

கேள்வி: சென்னிமலைக்குப் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெசவு செய்கிறோம். அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. சென்ற மாதம் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம். காய்ச்சல் இல்லை. உள்ளூர் டாக்டர் ஆஃப்ளாக்சசின் மாத்திரை ஐந்து நாள் கொடுத்தார். நிற்கவில்லை. ஈரோட்டில் காட்டினோம். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்று கிருமியின் பெயரைப் போட்டு, வரிசையாக மருந்துப் பெயர்களுக்கு நேராக எஸ், ஆர் என்ற எழுத்தும் பக்கத்தில் எண்ணும் இருக்கின்றன. ஆஃப்ளாக்சசினுக்கு ஆர். மெரோபெனம் என்ற ஊசிக்கு எஸ், 0.25. அதுதான் இருப்பதிலேயே பவர் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். டாக்டர் எழுதியதோ நைட்ரோஃபுரான்டோயின் என்ற விலை குறைந்த காப்ஸ்யூல், ஐந்து நாளைக்குப் பத்து. அதற்கு எஸ், 16. பவர் மருந்தை முதலிலேயே கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது அல்லவா? எங்கள் தோற்றத்தைப் பார்த்து மலிவாக எழுதிவிட்டாரா? சிறுநீர் பழுப்பாக வேறு போகிறது. இன்னொன்று: எனக்கு எழுதிக் கொடுத்து மீந்த செஃபிக்சிம் மாத்திரை வீட்டில் இருக்கிறது. ஏழு வயதுப் பையனுக்குச் சளி. பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா? அம்மாவுக்கு இரண்டு நாளில் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது.

பதில்:

சிறுநீர் பழுப்பாகப் போவது அந்தக் காப்ஸ்யூலின் நிறம். மருந்து முடிந்ததும் தெளிந்துவிடும். கண் மஞ்சளித்தாலோ சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோதான் உடனே காட்ட வேண்டும். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது என்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவம் படித்தவன் என்றாலும், இருபது வருடங்களாக நான் நோயாளிகளைப் பார்ப்பது குறைவு, அவர்களிடமிருந்து வரும் கிருமிகளைப் பார்ப்பதுதான் அதிகம். கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு வந்ததைப் போன்ற ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிற ஆள். அதனால் அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு மசியும், ஆர் என்றால் மசியாது.

சிறுநீரில் ஒரு துளியை எடுத்து, சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் கோடு இழுத்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைக்கிறோம். கூழ் உறைவது அகரால். சமையலறைக்குச் சைனா கிராஸ், கடற்பாசி என்று வாங்குவீர்களே, அதே சரக்கு. காலையில் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியின் வம்சம். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தால் பொதுவாக அதைக் குற்றவாளியாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்து கொஞ்சம் தொட்டு இன்னொரு தட்டு முழுவதும் பூசி, அதன்மேல் பொட்டு அளவுக் காகித வில்லைகளை வைக்கிறோம். ஆறு மில்லிமீட்டர் அகலம், வில்லைக்கு ஒரு மருந்து. மறுபடியும் ஒரு ராத்திரி. விடிந்து பார்த்தால் தட்டெங்கும் வெண்படலம் படர்ந்திருக்கும், சில வில்லைகளைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிந்த வட்டம். வேறு சில வில்லைகளை ஒட்டிக்கொண்டே கிருமி வளர்ந்து நிற்கும். உங்கள் அம்மாவின் கிருமி ஆஃப்ளாக்சசின் வில்லையை ஒட்டி அப்படித்தான் நின்றிருக்கும். இந்த இரண்டு ராத்திரிகளுக்காகத்தான் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆய்வுக்கூடம் சோம்பிக் கிடப்பதாக நினைக்க வேண்டாம்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் முதல் வாரத்தில் உங்களைப் போலத்தான் நினைப்பார்கள்: வட்டம் பெரிது என்றால் மருந்து பெரிது. அப்படி இல்லை. ஒவ்வொரு மருந்தும் கூழுக்குள் பரவும் வேகம் வேறு, வில்லையில் ஏற்றியிருக்கும் அளவும் வேறு. இந்தக் கிருமி வகைக்கு நைட்ரோஃபுரான்டோயின் 17 மில்லிமீட்டர் எடுத்தால் தேர்ச்சி, மெரோபெனம் 23 எடுக்க வேண்டும். ஒன்றின் வட்டத்தை மற்றொன்றின் வட்டத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே கிடையாது.

பெரிய கூடங்களில் இப்போது இதை இயந்திரம் செய்கிறது. அது தருவதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண். கிருமி வளராமல் நிற்பதற்கு ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேண்டும் என்ற கணக்கு அது. மெரோபெனம் 0.25, நைட்ரோஃபுரான்டோயின் 16. வகுத்துப் பார்த்தால் 64 மடங்கு வித்தியாசம். மருந்துக்கடைக்காரர் மயங்கிய இடம் இதுவாக இருக்கலாம். ஆனால் மெரோபெனத்துக்குத் தேர்ச்சிக் கோடு 1, நைட்ரோஃபுரான்டோயினுக்கு 32. இரண்டும் அதனதன் கோட்டுக்குள் வசதியாகவே இருக்கின்றன. ஈரோட்டு மண்டியில் மஞ்சளை மூட்டையில் வாங்குகிறோம், குங்குமப்பூவைக் கிராமில் வாங்குகிறோம். அதற்காக மஞ்சள் மட்டமாகிவிடுமா?

இனிமேல்தான் விஷயம். மருந்து எத்தனை வேண்டும் என்பதைவிட, நோய் இருக்கும் இடத்துக்கு எத்தனை போய்ச் சேருகிறது என்பதே பெரிய கேள்வி. கீழ்பவானி வாய்க்கால் பக்கத்து மனிதருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பவானிசாகரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தி, 200 கிலோமீட்டர் தாண்டிக் கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் விவசாயிக்குக் கணக்கு. நைட்ரோஃபுரான்டோயின் ஒரு விசித்திரமான வாய்க்கால். வழியில் உள்ள வயலுக்கெல்லாம் சொட்டுத் தண்ணீர் விடாது, கடைமடைக்கு மட்டும் வெள்ளமாக வந்து சேரும். விழுங்கிய மருந்தைச் சிறுநீரகம் விரைவாக வடித்துச் சிறுநீர்ப்பைக்குத் தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஒன்றுக்கும் கீழே. சிறுநீரிலோ ஐம்பது, நூறு, அதற்கு மேலும் போகும். அம்மாவின் கிருமியை நிறுத்த 16 போதும். கிருமி இருப்பதோ சிறுநீர்ப்பையில். 1953 முதல் புழக்கத்தில் உள்ள இந்தப் பழைய மருந்தை உங்கள் டாக்டர் எடுத்ததற்கு உங்கள் சட்டைப் பையைக் காரணமாக நினைக்கிறீர்கள். ரிப்போர்ட்டை அவர் ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இது அடையாளம்.

அந்தப் பெருமையே இந்த மருந்தின் எல்லையும்கூட. ரத்தத்தில் நிற்காத மருந்து, சிறுநீரகத்தின் திசுவுக்குள் ஏறிவிட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. அம்மாவுக்கு உடம்பு உதறிக் காய்ச்சல் வந்தாலோ, விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறி ஆள் தடுமாறினாலோ, மிச்சக் காப்ஸ்யூலை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது வேறு நோய், வேறு வைத்தியம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதே போல, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து சிறுநீரில் போதுமான அளவு இறங்காது. உடம்பிலேயே தங்கி நரம்பைக் கெடுக்கும். பத்து வருடச் சர்க்கரை என்பதால் எழுதுவதற்கு முன் டாக்டர் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்திருப்பார். பார்த்தீர்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மருந்துக்கடையில் எரிச்சலுக்கு என்று ஒரு சிரப் தருவது வழக்கம், சிறுநீரின் புளிப்பை மாற்றுவது. அம்மா அதையும் குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். இந்தக் காப்ஸ்யூல் புளித்த சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். வயிற்று எரிச்சலுக்கு மக்னீசியம் கலந்த மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள், அது குடலிலேயே காப்ஸ்யூலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், மருந்து உடம்பில் சேர்வதும் குறையும்.

நீங்கள் நெசவாளர் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆண்டிபயாடிக் கிருமியை எப்படிக் கொல்கிறது என்பதைத் தறி இல்லாமல் சொல்வதுதான் கடினம். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அது கல் சுவர் இல்லை, நெய்த துணி. சர்க்கரைச் சங்கிலிகள் பாவு நூலாக ஓடுகின்றன, குறுக்கே சிறு புரதத் துண்டுகள் ஊடையாக அவற்றைக் கட்டுகின்றன. கிருமி வளர வளர இந்தத் துணியைப் பிரித்துப் பிரித்து நெய்துகொண்டே இருக்க வேண்டும். பென்சிலின் குடும்பம் முழுவதும், அமாக்சிசிலின், செஃபிக்சிம், நீங்கள் கேட்ட மெரோபெனம் வரை, ஊடையை முடிபோடும் ஆளின் கையைப் பிடித்துக்கொள்கிறது. பாவு ஓடும், ஊடை விழாது. உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் கிருமி அந்த ஓட்டை வழியே பிதுங்கி வெடித்துச் செத்துப்போகும். மனித செல்லுக்கு இந்தத் துணியே கிடையாது. அதனால்தான் கிருமிக்கு விஷமானது நமக்கு மருந்தாக இருக்கிறது.

அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் வகையறா வேறு இடத்தில் கை வைக்கின்றன. புரதம் நெய்யும் கூடம் கிருமிக்கும் உண்டு, நமக்கும் உண்டு, ஆனால் தறியின் அமைப்பு வேறு. கிருமியின் தறியில் மட்டும் பொருந்துகிற ஆப்பு அவை. ஆஃப்ளாக்சசின் கிருமியின் மரபு நூலில் சிக்கெடுக்கும் நொதியை முடக்குகிறது. முறுக்கேறிய நூல் பிரியாமல் அறுந்துபோகும்.

இப்போது உங்கள் பையனின் சளிக்கு வருகிறேன். சளியும் சாதாரணத் தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் வைரஸால் வருகின்றன. வைரஸுக்குச் சொந்தத் தறியே கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் தறியில் தன் பாவை ஏற்றி, கூலி கொடுக்காமல் நெய்துகொண்டு போகிற ஆள். சுவர் இல்லாதவனிடம் சுவரை உடைக்கும் செஃபிக்சிமைக் கொடுத்து என்ன பயன்? சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் வேலை செய்வதால் வரும் நிறம் அது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது, பாதியாக உடைப்பது கணக்கே இல்லை. பயனில்லாமல் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்தப் பாதி மாத்திரை அவன் குடலில் வாழும் நல்ல கிருமிகளை அழித்து, தாங்கிப் பிழைத்ததை மட்டும் விட்டுவைக்கும். வெந்நீர், ஓய்வு, சாப்பிடுவதைச் சாப்பிடட்டும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, காது வலி என்று அழுதாலோ, தண்ணீரும் இறங்காமல் துவண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் மீந்த அட்டையை மட்டும் எடுக்காதீர்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நானே கேட்டுக்கொள்வது உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு முன் ஒரு சிற்றூரில் நான்கு வருடம் கிளினிக் வைத்திருந்தேன். இரண்டு பஸ் மாறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம் "ஒன்றும் வேண்டாம், தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்ப வாய் வராது. "ஏனுங்க டாக்டர், மாத்திரை எழுதவில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அமாக்சிசிலின் சிரப் எழுதிச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். நோய்க்கு எழுதியது அல்ல, பஸ் டிக்கெட்டுக்கு எழுதியது. இன்று தட்டில் வில்லையை ஒட்டி வளர்ந்து நிற்கும் கிருமியைப் பார்க்கும்போது அந்தச் சீட்டுகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஏனென்றால் கிருமி சும்மா இருப்பதில்லை. ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் செய்யக் கற்றுக்கொள்ளும், உள்ளே வந்ததை வெளியே இறைக்கும் பம்பு வைத்துக்கொள்ளும், மருந்து பிடிக்கும் கையின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். கற்றதைப் பக்கத்துக் கிருமிக்கும் மரபு வளையமாகக் கைமாற்றிக் கொடுக்கும். பென்சிலினை வெட்டும் நொதியை ஏமாற்றத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். தோட்டத்துச் சாளையில் காவல் நாய்க்குக் கறித்துண்டு போட்டுவிட்டு உள்ளே நுழைவது போன்ற வேலை அது. நாய் கறியைக் கடித்துக்கொண்டிருக்கும், அமாக்சிசிலின் உள்ளே போய்விடும். சில நாள் கழித்து நாய்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் செஃபிக்சிம், அதே குடும்பத்து ஊசியான செஃப்ட்ரையாக்சோன் இரண்டுக்கும் ஆர் என்று இருந்தால் அது அப்படிப்பட்ட நொதி வைத்திருக்கும் கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அத்தகைய கிருமி ரத்தத்தில் ஏறி, நோயாளி ரத்த அழுத்தம் இறங்கித் தீவிர சிகிச்சையில் கிடக்கும்போது மெரோபெனத்தை எடுக்கிறார்கள். அது வாய்வழி மருந்தும் இல்லை. நரம்பில் ஊசி போட்டு, வழக்கமாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டும். கையில் குழாயோடு அம்மா ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டியிருக்கும், சிறுநீர்ப்பை எரிச்சலுக்காக. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆண்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கியவை. நைட்ரோஃபுரான்டோயினும் அமாக்சிசிலினும் முதல் வரிசை. மெரோபெனம், செஃபிக்சிம், ஆஃப்ளாக்சசின் எல்லாம் இரண்டாவது. மெரோபெனத்தையே வெட்டும் ஒரு நொதிக்கு நம் தலைநகரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாம் அதை எப்படிச் செலவழித்தோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது வரிசையில் இருப்பது கொலிஸ்டின். மெரோபெனமும் கைவிட்ட நோயாளிக்கு டாக்டர்கள் தேடும் மருந்து. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு தடை செய்தது. நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் ஊரையே தாங்கும் மண்ணில் இருந்துகொண்டு இதை நான் லேசாகச் சொல்லவில்லை. பண்ணைக்காரரைக் குறை சொல்லிவிட்டு, கிளினிக்கில் நாம் அதையே செய்தால் அதில் நியாயமும் இல்லை.

'பவர்' என்ற சொல் என்னை எரிச்சலூட்டுவதற்கு ஒரு கதை உண்டு. அந்தியூர் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்மணி. எட்டு நாள் காய்ச்சல். ஒரு மருத்துவமனையில் செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஐந்து நாள் போட்டும் இறங்கவில்லை. கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை என்று ரிப்போர்ட் கொடுத்தவன் நான்தான். அடுத்து இன்னும் பெரிய ஊசி என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஓர் இளம் டாக்டர் புடவைக் கட்டுக்குக் கீழே இடுப்பில் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். சிகரெட் சுட்டது போல, பட்டாணி அளவு, வலியே இல்லை. புதர்ச் செடிகளில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணி கடித்த இடம். ஸ்க்ரப் டைஃபஸ். அந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கும், எங்கள் தட்டில் வளராது. சுவரை உடைக்கும் மருந்துகளுக்கு மசியாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், சில்லறைக் காசு மாத்திரை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்த ஊசிக்குப் பவர் இல்லை என்று சொல்ல முடியுமா? அந்தப் பூட்டுக்கு அது சாவி இல்லை, அவ்வளவுதான்.

உள்ளூர் டாக்டரைப் பற்றி. அவர் ஆஃப்ளாக்சசின் எழுதியதைப் பெரிய குற்றமாக எடுக்காதீர்கள். ரிப்போர்ட் வருவதற்கு முன் எந்த டாக்டரும் ஓர் ஊகத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது: எந்த உறுப்பு, வழக்கமாக எந்தக் கிருமி, இந்த வட்டாரத்தில் அது எதற்கு மசிகிறது, நோயாளியின் வயது, சிறுநீரகம், ஒவ்வாமை, வேறு என்ன மாத்திரை. என் வருத்தம் இரண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் எடுக்கும் மாதிரிகளில் ஈ.கோலையில் பாதிக்கு மேல் இந்த மருந்து வகைக்கு மசிவதில்லை. அது பல வருடத்துச் செய்தி. மேலும் அறுபது தாண்டியவர்களுக்குக் குதிகால் தசைநாரை அது பதம் பார்க்கலாம், சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரையைத் தாறுமாறாக்கலாம். இரண்டாவது வருத்தம்: முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைப் பிடித்து அனுப்பியிருக்க வேண்டும். சர்க்கரை உள்ள 64 வயதுப் பெண்ணுக்கு அதைத் தவிர்க்கக் காரணம் இல்லை.

பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆய்வுக்கூடம் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு ஊறுகாய்ப் பாட்டில் ஆகாது. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். பையில் போட்டு வெயிலில் நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் ஒரு கிருமி நான்காயிரம் ஆகியிருக்கும், இல்லாத நோயை நான் இருப்பதாக எழுதிக் கொடுப்பேன்.

மருந்துக்கடைக்கு ஒரு வார்த்தை. அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது. செஃபிக்சிம் போன்றவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு மூன்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் மூன்று மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இந்த மூன்று மாத்திரைக்காரரைப் பற்றிப் பேசிவிட்டார். தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கி, கிருமி சாகாத அளவுக்குக் குறைவாகச் சாப்பிடுகிற ஒரு கற்பனை மனிதர். கிருமி அதில் பாடம் கற்றுக்கொண்டு அவர் மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவி நிமோனியாவில் இறந்துபோகிறார், பென்சிலின் கேட்கவில்லை.

அப்படியானால் எத்தனை நாள் என்பது அடுத்த கேள்வி. அட்டை தீரும்வரை சாப்பிட வேண்டும் என்று முன்பு பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்தோம். இப்போது பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று தெரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இந்த மருந்து ஐந்து நாள், காசநோய்க்கு ஆறு மாதம், இரண்டுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது. அம்மாவுக்கு நாளையே எரிச்சல் முழுவதும் நின்றாலும் பத்துக் காப்ஸ்யூலையும் முடியுங்கள். முடிந்த பிறகு, நல்லது செய்ததே என்று இன்னொரு அட்டை வாங்காதீர்கள். நன்றாக இருக்கிறார் என்றால் 'சுத்தமாகிவிட்டதா' என்று மறுபடி கல்ச்சர் எடுக்கவும் வேண்டாம். இந்த வயதில் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். அதற்கு வைத்தியம் செய்தால் அடுத்த ரிப்போர்ட்டில் ஆர் எழுத்துகள் கூடும்.

திரும்பத் திரும்ப வந்தால் மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இந்தத் தொற்றைக் குறைக்கிறது. அம்மாக்கள் இதை மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், உங்கள் மனைவியையோ சகோதரியையோ கூட அனுப்புங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், அடக்கி வைக்க வேண்டாம். கல்யாண மண்டபத்திலும் பஸ் நிலையத்திலும் நம் பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரையே தொடாமல் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு என் ஆய்வுக்கூடத்தில் மருந்து இல்லை.

அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அம்மாவின் சர்க்கரை மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வையுங்கள், பின்பக்கம் நைட்ரோஃபுரான்டோயின் எந்தத் தேதியில் எத்தனை நாள் எடுத்தார் என்று எழுதி. ஒருநாள் நடு ராத்திரி காய்ச்சலோடு எங்காவது சேர்க்க நேர்ந்தால், பணியில் இருக்கும் டாக்டர் அடுத்த கல்ச்சருக்கு இரண்டு ராத்திரி காத்திருக்காமல், முதல் ஊசியை எதில் தொடங்குவது என்று அந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்வார்.